கூடக் கையெழுத்திட்டவர் காலமானால்

மட்டாஞ்சேரிக் கடைவீதியின் மிளகு, சுக்கு மண்டிகளில் கணக்கெழுதியும், அருகே ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் வெளுத்தும், சிறு பலகாரக் கடைகள் நடத்தியும் ஜீவனம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களிலே, மகளை நர்ஸிங்குக்கோ மகனை இன்ஜினீயரிங்குக்கோ அனுப்பும் வேளையில் வங்கியின் கல்விக்கடனை நாடுவது இந்நாளில் சகஜமாகிவிட்டது. அந்தக் கடன் பத்திரத்தில் பிள்ளையின் பெயருக்குக் கீழே கூடக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் தகப்பனார். தகப்பனார் இல்லாத வீட்டில் தாயார். இருவருக்கும் இயலாதபோது தாய்மாமனோ சித்தப்பாவோ. அவ்வாறு கையெழுத்திட்டவர் கடன் தீருமுன்னே காலமாகிவிட்டால் கடனின் கதி என்ன, குடும்பத்தார் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யாதிருக்கவேண்டும் என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

துக்கம் விசாரிக்க வருவோர் இருவகை அபிப்பிராயம் சொல்லிச் செல்வார்கள். "ஆள் போய்விட்டார், இனிக் கடன் தள்ளுபடிதான்" என்பது ஒன்று. "மொத்தப் பணத்தையும் உடனே கட்டச் சொல்வான், வீட்டை ஜப்தி செய்வான்" என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆதாரம் கிடையாது. 2017-ஆம் ஆண்டில் கேரள அரசு கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த உதவும் திட்டமொன்றைக் கொண்டுவந்தது மெய்யே; ஆயினும் அது ஒரு காலத்துப் பழைய கடன்களுக்காக ஏற்பட்டதேயன்றி, யார் இறந்தாலும் கடனைத் துடைத்துவிடும் நிரந்தர ஏற்பாடன்று. இரண்டாவது அபிப்பிராயமும் பொதுவில் பொய். இவ்வாசிரியனின் கருத்தில், மரணத்தினால் கடனுக்கு நேரும் மாறுதலைக் காட்டிலும், மரணத்துக்குப் பிந்திய சில வாரங்களில் கலங்கிய மனத்தோடு வீட்டார் இடும் கையெழுத்துகளால் நேரும் மாறுதலே பெரிது. ஆகவே எந்தக் காகிதத்தில் எந்த நிலையில் கையெழுத்திடுகிறோம் என்பதில் வாசகர் முழுக் கவனத்தையும் வைக்கவேண்டும்.

முதலில் கடனின் இயல்பை அறியவேண்டும். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்து 2001-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தையே பெரும்பாலான வங்கிகள் தழுவி நிற்கின்றன. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடும் இல்லை, அந்நியர் ஜாமீனும் இல்லை, பெற்றோர் கூடக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சத்துக்கு மேல் 7½ லட்சம் வரை மூன்றாம் நபரின் ஜாமீன் கேட்கப்படலாம். அதற்கும் மேற்பட்டால் வீடு, நிலம், வைப்புத்தொகை போன்ற ஈடு வேண்டும். எந்தத் தட்டில் இருந்தாலும் முதற் கடனாளி மாணவரே. பெற்றோரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதைக் காட்டிக் கல்விக்கடனை மறுத்த வங்கிகளிடம், படித்து முடித்தபின் மாணவர் சம்பாதித்துத் திருப்பக்கூடிய திறமையே அளவுகோல் என்று 2020-இல் கேரள உயர்நீதிமன்றம் எடுத்துச் சொன்னதும் இக்காரணம் பற்றியே. ஆகையால் தகப்பனார் மறைந்தபின்பும் முதற் கடனாளி உயிரோடிருக்கிறார், ஒப்பந்தம் நிற்கிறது, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டுமாகக் கொடுக்கப்பட்ட தவணை விடுப்பும் நிற்கிறது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சில ஒப்பந்தங்களில், குறிப்பாக வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் அச்சடித்த படிவங்களில், கூடக் கையெழுத்திட்டவரின் மரணத்தையே தவணை மீறலுக்குச் சமமாகக் கருதும் ஷரத்து பொடியெழுத்தில் ஒளிந்திருக்கக்கூடும்.

அந்த ஒப்பந்தம் இங்கிலீஷிலோ மலையாளத்திலோ இருக்கும். வாசிக்கத் தெரியாதென்று ஒதுக்கிவைப்பது தகாது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு வட்டி, கட்டணம், தவணை யாவற்றையும் சுருக்கிக் காட்டும் முக்கிய விவர அறிக்கையொன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பழைய கடனானால், ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிள்ளைகளில் ஒருவரைக்கொண்டு வரிவரியாக வாசித்துக் கேட்டலே உத்தமம்.

வாசிக்கும்போது முதலில் தேடவேண்டியது, காலமானவர் எந்த ஸ்தானத்தில் கையெழுத்திட்டார் என்பது. மாணவரோடு சேர்ந்து தாமும் கடன்பட்டவராக, அதாவது கோ-பாரோவராகக் கையெழுத்திட்டிருந்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும்: கூட்டாக வாக்களித்தவர்களில் ஒருவர் இறந்தால், மாறான கருத்து ஒப்பந்தத்தில் தெரியாதவரை, எஞ்சியவர்களோடு இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகளும் சேர்ந்து அவ்வாக்கை நிறைவேற்றவேண்டும். வெறும் ஜாமீன்தாராக நின்றிருந்தால், ஏற்கெனவே வழங்கப்பட்ட தொகைக்கு அவர் விட்டுப்போன சொத்து பொறுப்பாகும். ஆனால் தொடர் ஜாமீனாக இருப்பின், வேறு ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லாதபோது, இனிமேல் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அது மரணத்தோடு ரத்தாகிவிடும் என்று 131-ஆம் பிரிவு கூறுகிறது. வங்கிப் படிவங்களில் அந்த 'வேறு ஏற்பாடு' பெரும்பாலும் இருக்கும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

சட்டப் பிரதிநிதிகள் பொறுப்பு என்றதும் விதவைத் தாயாரின் வயிறு கலங்குவது இயல்பு. அப்பொறுப்புக்கு எல்லை உண்டு. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, இறந்தவரின் சொத்தில் தம் கைக்கு வந்துசேர்ந்த அளவுக்கே வாரிசு பொறுப்பாளி. தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து ஒரு சல்லியும் அதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்த்தே ஆகவேண்டும் என்ற பழைய இந்து தர்ம சாஸ்திரக் கடமையைக் கேரளம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தால் நீக்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் மற்ற மாநிலங்களிலும் அதன் பின்னால் எழுந்த கடன்களுக்கு அதையே செய்தது. ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் அந்தக் கடமையை எடுத்துப் பேசுவார்கள். அவர்கள் பேச்சுக்கு மரியாதை கொடுக்கலாம், கையெழுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. முஸ்லிம் குடும்பங்களிலும் மரணித்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து முதலில் தீர்க்கப்பட்டு, மிச்சமே பாகமாகிறது. வாரிசின் சொந்தப் பணம் அதில் சேராது.

உதாரணமாக ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். மண்டிக் கணக்கர் ஒருவர், பெங்களூரில் நர்ஸிங் படிக்கும் மகளுக்காகக் கோ-பாரோவராகக் கையெழுத்திட்ட கடனில் 5,40,000 ரூபாய் நிலுவையிருக்க, திடீரென்று காலமாகிறார். வீடு அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் பாதிப்பாதி. அவர் பாதியின் மதிப்பு 8 லட்சம். கடன் கொடுத்த அதே வங்கியில் அவர் பெயரில் 1,80,000 ரூபாய் வைப்புத்தொகை. மண்டியில் பிடித்த வருங்கால வைப்பு நிதி 3,50,000. அதற்கு மனைவியே நாமினி. மனைவி கடன் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. இவற்றில் வங்கியின் கை எட்டக்கூடியது அவருடைய பாதி வீடும் அந்த வைப்புத்தொகையும்தான். மனைவியின் பாதி வீடு அவருடையது. அதைத் தொட வழியில்லை. பாதி வீட்டின் 8 லட்சம் மனைவி, மகள், மகன், இறந்தவரின் தாயார் என நால்வருக்கும் ஆளுக்கு 2 லட்சமாகப் பிரியும். தம்பிப் பையன் தன் கைக்கு வந்த 2 லட்சத்தின் அளவுக்குமேல் அக்காளின் கடனுக்குப் பொறுப்பல்லன். மகளோ தன் பங்கோடு நிற்பவளல்லள்; முதற் கடனாளி என்ற முறையில் 5,40,000 முழுவதற்கும் தன் வருங்காலச் சம்பளத்தாலும் அவளே பொறுப்பு. வருங்கால வைப்பு நிதி, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கொடுத்த பாதுகாப்பினால், இறந்தவர் பட்ட கடன் எதற்கும் ஆட்படாமல் நாமினியைச் சேரும். மனைவி மக்களின் பேரில் 1874-ஆம் ஆண்டு மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த ஆயுள் காப்பீடு இருந்தால் அதுவும் அவ்வாறே கடன்காரர் கைக்கு அப்பாற்பட்டது.

வைப்புத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவேண்டும். தனக்கு வரவேண்டிய கடனுக்குத் தன்னிடமுள்ள வைப்பை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையை வங்கிகள் வழக்கமாகவே கோருகின்றன. ஆனால் தவணை விடுப்புக் காலத்தில், ஒரு பைசாவும் கெடு தவறாதிருக்கையில், அவ்வாறு பிடித்துக்கொள்ள முற்பட்டால் 'எந்த ஷரத்தின்படி' என்று எழுத்தில் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. தாயார் பெயரும் சேர்ந்த கூட்டு வைப்பானால் ஆட்சேபத்துக்கு இன்னும் வலுவான இடமுண்டு.

இனிச் செய்யவேண்டிய காரியங்கள். முதன்மையானது, எவரும் எண்ணிப்பாராதது: தவணைப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது? பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தாலும், பல வீடுகளில் மாதத் தவணை தகப்பனாரின் சேமிப்புக் கணக்கிலிருந்தே தானாகப் பிடிக்கப்பட்டுவரும். மரணம் வங்கிக்குத் தெரிந்த மாத்திரத்தில் அக்கணக்கு முடக்கப்படும்; தவணை திரும்பிவரும்; அபராதம் ஏறும்; மகளோ வேற்றூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலையில் இருப்பாள், ஒன்றும் அறியாள். 90 நாட்கள் நிலுவை நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டு, அந்தக் கறை தகப்பனாரின் பெயரில் அல்ல, மகளின் கடன் வரலாற்றில் ஏறும். ஆகவே மரணத்தை அறிவிக்கும் கடிதத்தோடேயே, மாணவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து தவணையைப் பிடிக்கும் புதிய உத்தரவையும் கொடுத்துவிட வேண்டும். மறைத்துவைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

அக்கடிதத்தை மாணவரே முதற் கடனாளி என்ற முறையில் எழுதுதல் நலம். கடன் கணக்கு எண், காலமானவரின் பெயர், தேதி, மரணச் சான்றிதழின் நகல் இவை போதும். அதோடு இன்றைய நிலுவைக் கணக்கு, ஒப்பந்த நகல், காப்பீடு ஏதேனும் எடுக்கப்பட்டதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் கேட்டு, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். கொச்சி மாநகராட்சி எல்லையில் நடந்ததானால் 2024 முதல் கே-ஸ்மார்ட் மூலமாகவே சான்றிதழ் பெறலாம். வாரிசுச் சான்றிதழ் கொச்சித் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறவேண்டியது. வில்லேஜ் ஆபீஸரின் விசாரணையும் ஆட்சேபங்களுக்கான அவகாசமும் அதில் உண்டாகையால் சில மாதங்கள் செல்லும் என்று எண்ணி முன்னதாகவே மனுக் கொடுக்கவேண்டும். அம்மனுவில் பாட்டியின் பெயரை விட்டுவிடுதல் அடிக்கடி நேரும் பிசகு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் தாயார், மனைவி மக்களுக்குச் சமமான முதல் வகுப்பு வாரிசு. காரைக்குடியிலோ தென்காசியிலோ மூத்த மகன் வீட்டில் இருக்கிறார் என்பதால் அவர் உரிமை மறைந்துவிடாது.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். கிளையிலே நல்ல மனமுடைய அதிகாரியே இருப்பார். "அம்மா, வழக்கமான காகிதந்தான், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போதும்" என்பார். அந்தக் காகிதம் மூன்று விதமாக இருக்கலாம். மரணச் செய்தி கிடைத்ததென்று ஒப்புக்கொள்ளும் காகிதமானால் தடையில்லை. நிலுவை இவ்வளவு என்று உறுதிசெய்யும் காகிதமானால் யோசிக்கவேண்டும்; 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, கெடு முடியுமுன் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும். தாயாரைப் புதிய கோ-பாரோவராகச் சேர்க்கும் காகிதமானாலோ, முன் பத்திகளில் விவரித்த எல்லைகள் யாவும் அக்கணமே அழிந்து, அவருடைய பாதி வீடும், தனியே பாதுகாக்கப்பட்ட வைப்பு நிதிப் பணமும், பிற்கால வருமானமும் கடனுக்குப் பொறுப்பாகிவிடும். சட்டம் கட்டாயப்படுத்தாததை ஒரு கையெழுத்தால் தாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அப்படியானால் ஒருபோதும் கையெழுத்திடலாகாதா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி, மூன்றாம் வருஷக் கட்டணத்தை வங்கி இனிமேல்தான் கல்லூரிக்கு அனுப்பவேண்டும் என்ற நிலையில், புதியதொரு கூடக் கையெழுத்து இல்லாமல் பணம் நகராதென்று வங்கி சொல்லுமானால் அதில் நியாயம் உண்டு; படிப்பு நின்றுபோவது கடனைவிடக் கொடிய நஷ்டம். அச்சமயம் யார் கையெழுத்திடுவது என்பதே கேள்வி. மணமான மாணவரானால் கணவரோ மாமனாரோ மாமியாரோ கூடக் கையெழுத்திடலாம் என்று மாதிரித் திட்டமே இடங்கொடுக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று உணர்ச்சிவசப்பட்டுத் தாய்மாமன் "நான் இருக்கிறேன் அக்கா, நான் போடுகிறேன்" என்று முன்வருவார். அவருக்கும் கலியாணத்துக்கு நிற்கும் பெண் உண்டென்பதை அக்காள் நினைவுபடுத்துதல் தர்மம். இனி வழங்கப்படும் தொகைக்கு மட்டுமே புதியவர் பொறுப்பு, பழைய நிலுவைக்கு அல்ல என்று எழுதித் தருமாறு கேட்டுப் பார்க்கலாம். வங்கி மறுக்கலாம், ஆனால் கேட்காதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. தொகைகள் யாவும் வழங்கி முடிந்து, திருப்பிச் செலுத்தும் காலம் நடந்துகொண்டிருந்தால், தவணை ஒழுங்காகப் போகும்வரையில் புதிய கையெழுத்துக்கு அவசரப்படக் காரணமே இல்லை.

காப்பீட்டைப் பற்றி ஏமாந்தவர் பலர். கடன் கொடுக்கும்போதே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு எடுக்கப்படும் கடன் காப்பீடு, கல்விக்கடனைப் பொறுத்தமட்டில், பெரும்பாலும் மாணவரின் உயிர்மீதே எடுக்கப்படுகிறது. தகப்பனாரின் மரணத்துக்கு அது ஒரு காசும் கொடாது. சில பாலிஸிகளில் இருவர் உயிரும் சேர்ந்திருக்கும். பாலிஸியில் 'காப்பீடு செய்யப்பட்ட உயிர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். தகப்பனாரின் பெயர் இருக்குமாயின் கோரிக்கையை உடனே எழுதிக் கொடுக்கவேண்டும்.

தவணை தவறிப்போன குடும்பங்களுக்கு வரக்கூடியவை இரண்டு வழி. ஈடு எழுதிக் கொடுத்த கடனானால் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாஸி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் வரும். ஆட்சேபம் எழுதினால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வங்கி கடமைப்பட்டது. மற்றது, 1968-ஆம் ஆண்டுக் கேரள வருவாய் மீட்புச் சட்டத்தின் வழியாக வில்லேஜ் ஆபீஸிலிருந்து வரும் நோட்டீஸ். இதில் வாரிசுகளின் பெயர் கண்டிருந்தால், தம் கைக்கு வந்த சொத்து இன்னது, இவ்வளவே, அதற்குமேல் பொறுப்பில்லை என்று எழுத்துமூலம் பதிவு செய்யவேண்டும், வாய்மொழி போதாது. வங்கியல்லாத வேறொருவர் வந்து கேட்கவும் கூடும். 2016-இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் தன் வாராக் கல்விக்கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றபோது கேரளத்தில் பெருங் கூச்சல் எழுந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். கேட்பவர் யாராயினும் கடன் தமக்கு மாற்றப்பட்டதற்கான பத்திரத்தைக் காட்டவேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்துத் தொந்தரவு செய்யலாகாது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. கொச்சித் தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகி லோக் அதாலத்தில் தவணையைக் குறைத்துச் சமரசம் செய்துகொள்வது, வக்கீல் வைத்து வழக்காடுவதைவிடப் பெரும்பாலோர்க்கு அனுகூலமாகும். லோக் அதாலத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லையாதலால், ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்தபின்பே ஒப்பவேண்டும்.

அமெரிக்காவில் படிக்கப் போய், அங்கே குடியேறியிருக்கும் பெரியப்பாவைக் கோ-சைனராக நிறுத்தி அந்நாட்டுத் தனியார் நிறுவனத்தில் கடன் வாங்கிய பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அங்கே கோ-சைனர் இறந்த மாத்திரத்தில், ஒரு தவணையும் தவறாத மாணவரிடமே மொத்தப் பணத்தையும் கேட்கும் வழக்கம் சில நிறுவனங்களிடம் இருந்ததை அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் வெளிப்படுத்திற்று. 2018 மே மாதம் நிறைவேறிய சட்டம், அதற்கு 180 நாட்கள் கழித்து ஏற்பட்ட ஒப்பந்தங்களில், மரணம் ஒன்றையே காரணமாக்கி அவ்வாறு கேட்பதைத் தடைசெய்துவிட்டது. எனவே அங்குள்ள கடனில் முதலில் பார்க்கவேண்டியது ஒப்பந்தத்தின் தேதி.

கடைசியாக, ஈடு கொடுத்த ஆதாரப் பத்திரங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான பற்றையும் நீக்கவேண்டுமென்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடுசெய்ய வேண்டுமென்றும் 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டு, 2023 டிசம்பர் 1 முதல் விடுவிக்கப்படும் பத்திரங்களுக்கு அதை அமலாக்கியது. கடனாளி இறந்துவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தை ஒப்படைக்கும் முறையை ஒவ்வொரு வங்கியும் வகுத்து இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்பதும் அதே கட்டளையில் உண்டு. வீட்டுப் பத்திரம் காலமான தகப்பனாரின் பெயரில் இருக்கையில், கடைசித் தவணை கட்டும் நாளுக்கு முன்பே வாரிசுச் சான்றிதழும், பெற்றுக்கொள்ள ஒருவருக்கு மற்ற வாரிசுகள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் தயாராக இருந்தால், தாமதம் வாரிசுகள் பக்கம் என்று வங்கி சொல்ல இடமிராது. எழுத்தில் முறையிட்டு 30 நாட்களில் தக்க பதில் வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். கிளையின் முத்திரை பெற்ற அந்த முதற் கடித நகலை அம்மனுவோடு இணைக்கவேண்டும்.